பனிநாட்டுக்கு ஒரு சோடி சப்பாத்து

களுபோவில வைத்தியசாலை வீதியை அண்டிய ஒழுங்கைகளில், ஐப்பசி பிறந்துவிட்டால், ஏதாவதொரு வீட்டில் பயணப்பெட்டி திறந்தபடி கிடக்கக் காணலாம். வறுத்து இடித்த மிளகாய்த் தூளும் பனங்கட்டியும் ஒரு பக்கத்தை நிரப்பும். மறுபக்கத்தில் கம்பளிச் சட்டைகள் இடம்பிடித்திருக்கும். கனடாவிலுள்ள பிள்ளையிடம் செல்லும் தாயாரின் பெட்டி அது. அதில் எதை வைப்பது, எதை விடுவது என்று உற்றார் அனைவரும் யோசனை கூறுவர். காலுக்கு என்ன அணிவது என்பது மட்டும் இறுதி வாரத்திலேதான் நினைவுக்கு வரும்.

எம் அயல்வீட்டு அம்மையாருக்கும் 2023 ஆம் ஆண்டில் இவ்வாறே நேர்ந்தது. ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் மகளிடம் அவர் புறப்பட ஐந்து நாட்களே இருந்தன. அவருடன் தெகிவளைச் சந்திவரை நடந்து, நூறாம் இலக்க பஸ்ஸிலேறிப் புறக்கோட்டைக்குச் சென்றோம். வெயிலில் அரைநாள் அலைந்தபின், ஒரு கடையில் கணுக்காலுக்குச் சற்று மேலே உயர்ந்த கறுப்புச் சப்பாத்தொன்றை எடுத்துக் காட்டினர். உள்ளே செயற்கை உரோமம், பக்கத்தில் சிப். "இது பனிக்கென்றே வந்தது" என்றார் கடைக்காரர். அதை மறுத்துரைக்கும் அறிவு நமக்கு ஏது? பனிக்கட்டியை நாம் குளிர்சாதனப் பெட்டியில் அல்லவோ கண்டிருக்கிறோம்!

மறு ஆண்டு சனவரியில், உறவினர் வீட்டு வைபவமொன்றுக்காக நாமும் ரொறன்ரோ செல்ல நேர்ந்தது. அம்மையாரைப் பார்க்கப் போனபோது அவர் யன்னலருகே அமர்ந்திருந்தார். மூன்று வாரங்களாக வாசற்படி தாண்டவில்லை என்றார். முதன்முதல் பனியில் இறங்கிய அன்றே சிப்பின் வழியாக நீர் புகுந்து கால் நனைந்துவிட்டது. போதாக்குறைக்கு, நடைபாதை வீதியில் இறங்கும் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. அறுபத்தெட்டு வயதில் இடுப்பெலும்பு முறியாமல் தப்பியதே பெரிது. மகளிடம் கார் இல்லை. அவள் முறைவேலைக்கு விடியுமுன் போய்விடுவாள். களுபோவிலயில் சந்தைக்கும் கோயிலுக்கும் தனியே போய்வந்த அம்மையாரின் உலகம் இரண்டு அறைகளாகச் சுருங்கியிருந்தது.

நாம் அங்கு உணர்ந்த உண்மை யாதெனில், கடைகளில் அழகாக அடுக்கியிருக்கும் பெண்களுக்கான சப்பாத்துகளிற் பல காரில் செல்வோருக்கே போதுமானவை. அவர்களுக்கு வீட்டுக் கதவிலிருந்து கார்க் கதவு வரைதான் பனி. பஸ்ஸுக்குச் செல்பவளோ உறைந்த நடைபாதையில் நடந்து, தரிப்பிடத்திற் பத்து நிமிடம் அசையாது நிற்கவேண்டும். நடக்கையில் காலிற் சூடு பிறக்கும். நிற்கையில் அச்சூடு அடிப்பாகத்தின் வழியே நிலத்துக்கு இறங்கிவிடும். ஆகவே, பார்க்கவேண்டியது முதலில் அடித்தட்டின் தடிப்பு. அடுத்து, நீர் புகாத ரப்பர்க் கீழ்ப்பகுதி. மூன்றாவதாக, கழற்றி இரவில் உலரவைக்கக்கூடிய கம்பளி உள்ளுறை. "பூச்சியத்துக்குக் கீழ் முப்பது பாகை வரை" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே இடும் குறி.

வழுக்கலைப் பற்றி ரொறன்ரோப் புனர்வாழ்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் நல்லதொரு காரியம் செய்திருக்கின்றனர். பனிக்கட்டித் தளங்கொண்ட ஆய்வுகூடத்தில் ஆட்களை நடக்கவிட்டு, தளத்தைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, எந்தச் சரிவில் கால் வழுக்குகிறதென அளந்தனர். 2016 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சோதித்த 98 வகைகளிற் பத்திலொரு பங்குகூடத் தேறவில்லை! இத்தனைக்கும், ஏழு பாகைச் சரிவில் நின்றாலே தேர்ச்சி. தேறியவற்றுக்குப் பனித்துகள் அடையாளம் ஒன்று முதல் மூன்று வரை வழங்கி, அப்பட்டியலை எவரும் இணையத்திற் காணும்படி வைத்தனர். ரப்பரோடு கரகரப்பான துகள்களோ நுண்ணிழைகளோ கலந்த அடித்தட்டுகளே முன்னின்றன.

நிற்க. சப்பாத்து வாங்கப் போவதற்கும் சப்பாத்து வேண்டுமே! மகளின் பழைய சோடியை இரவல் வாங்கி, இரண்டு காலுறைகளால் அதை நிரப்பி, அம்மையாரை அழைத்துச் சென்றோம். ஸ்காபரோ நகர் மையத்துக்குச் சென்றுவந்த இலகு ரயில் 2023 யூலையிலேயே நின்றுவிட்டதால், பஸ்ஸே கதி. ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. 2018 ஆகஸ்ட் முதல், பிரெஸ்டோ அட்டையால் ஒருமுறை கட்டணஞ் செலுத்தினால், இரண்டு மணி நேரம் வரை எத்தனை தரமும் இறங்கி ஏறலாம். வந்த வழியே திரும்பவும் செய்யலாம். முதற்கடையில் மனத்துக்குப் பிடிக்காவிட்டால், பஸ் காசை நினைத்து எதையாவது வாங்கிக்கொண்டு வரவேண்டியதில்லை.

பிற்பகலிற் சென்றது நல்லதாயிற்று. பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளை அதுவே. தடித்த கம்பளிக் காலுறையையும் கையோடு கொண்டுபோனோம். இறுக்கமான சப்பாத்து குளிரைத் தடுக்காது. சூட்டைக் காப்பது உள்ளே அடங்கியிருக்கும் காற்று. அதற்கு இடம் வேண்டும். கொழும்பில் அம்மையாரின் இலக்கம் நாலு. அங்கே பெண்கள் அளவில் அது ஆறு. காலுறைக்கென ஒன்றைக் கூட்டி ஏழு கேட்டோம். விலை கேட்டு மலைத்து நின்றபோது, விற்பனைப் பெண் சிறுவர் பகுதியைச் சுட்டிக்காட்டினாள். அங்குள்ள ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ அதே நீளம். பாரமும் விலையும் குறைவு. மேலும், ஒன்ராறியோ மாகாணத்தில் ஆறாம் இலக்கம் வரையுள்ள சிறுவர் பாதணிக்கு விற்பனை வரி 13 வீதமல்ல, 5 வீதமே. சிறிய பாதமுடைய நம் தாய்மார் பலருக்கு இது தெரியாது.

"பெடியங்கள் போடுறது போல இருக்கே, அக்கா?" என்று சிரித்தாள் கூடவந்த பக்கத்து வீட்டுப் பெண்.

"கால் நனையாட்டிப் போதும். வடிவு எனக்கேன்?" என்றார் அம்மையார்.

பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்க்கச் சொன்னோம். உப்பு நீர் பட்டதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கத் தயங்குவர். மூன்றாம் நாள், வெள்ளோட்டமாக, சுரங்க ரயிலில் புளூர் வீதிக்குச் சென்றோம். நம்மவர் ரப்பர்ச் செருப்பையே 'பாட்டா' என்பர் அல்லவா? அப்பெயருக்குரிய தோமஸ் பாட்டா 1939 இல் செக்கோஸ்லோவாக்கியாவை விட்டுக் கனடாவிற் குடியேறியவர். அவர் துணைவியார் சோன்யா பாட்டா சேகரித்த பாதணிகளைக் கொண்ட அரும்பொருளகம் 1995 முதல் அவ்வீதியில் இருக்கிறது. வடதுருவத்து இனுயிட் பெண்கள் கடல்நாய்த் தோலில் தைத்த சப்பாத்துகளை அங்கே கண்டோம். ஊசி தோலை முழுதும் துளைக்காது, பாதியளவே புகுந்து வெளிவருமாறு தைப்பார்களாம். துளை மறுபுறம் எட்டாததால் நீரும் எட்டாது. அம்மையார் அத்தையலை வெகுநேரம் குனிந்து பார்த்தார். புறக்கோட்டைச் சப்பாத்தின் சிப் நினைவுக்கு வந்திருக்கும்.

சென்ற மார்கழியில் தொலைபேசியில் அழைத்தார். திங்களும் புதனும் தனியே பஸ்ஸேறி நூலகத்துக்குப் போய்வருகிறாராம். அடுத்து யாராவது வந்தால், வீட்டுக்குள் போட ஒரு சோடி பாட்டா கொடுத்தனுப்பச் சொன்னார்.

"நாலாம் இலக்கம், தங்கச்சி, மறந்துபோய் அஞ்சு வாங்கிப்போடாதை."