நள்ளிரவில் யாரை அழைப்பது?

காலில் முள் தைத்தால் ஊரறியக் கத்துகிறோம். உள்ளம் நொந்தால் மட்டும் வாய் திறப்பதில்லை. வெட்கம் ஒரு காரணம். எங்கே போவதென்று தெரியாமை மற்றொன்று. வெட்கத்தை ஒரு கட்டுரையால் போக்க முடியாது. தெரியாமையைப் போக்கலாம் அன்றோ?

நான் குடியிருப்பது போலாரத்தில். அரசு மனநல மருத்துவமனை இருப்பதோ எர்ரகட்டாவில். செகந்திராபாத் வரை ரயில், அங்கிருந்து மெட்ரோ, அமீர்ப்பேட்டையில் இறங்கி மற்றொரு மெட்ரோ. இரவு இரண்டு மணிக்கு வாழ்வை வெறுத்து உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? போய்ச் சேர்ந்தாலுந்தான் என்ன? நமக்குத் தெரிந்த தெலுங்கும் இந்தியும் கடைத்தெருவுக்குப் போதும். நெஞ்சிலுள்ளதைக் கொட்டப் போதுமா?

இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது 'டெலி மானஸ்'. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்குத் தலைமை. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மொழியைத் தேர்ந்துகொள்ளலாம், தமிழும் உண்டு. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். நேரில் செல்லவேண்டிய இடத்தையும் சொல்வார். தேர்வுப் பயத்துக்கும் அழைக்கலாம் நண்பர்களே, துன்பம் பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

குடியைப் பற்றி நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேயுமன்று, பிசாசுமன்று, உயிரைக் குடிக்கக்கூடிய நோய் அது. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனையில் சேர்க்கவேண்டும். "ஒருவழியாக நிறுத்திவிட்டான்" என்று வீடு மகிழும் வேளையில் இது வருவதுதான் கொடுமை! போதைப் பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை பெற 14446 என்ற தனி எண் உள்ளது.

இனி, போலீஸ் பயம். வழக்கு வருமென்று அஞ்சி, தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவரிடம் காட்டாமல் மறைப்பதுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில், வேறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை.

அறைத் தோழன் ஒருவன் "இருந்து என்ன பயன்?" என்று பேசினால், சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவனைத் தனியே விடாமல், பக்கத்திலிருந்து நீங்களே அந்த எண்ணைச் சுழற்றிக் கொடுங்கள். நம் சங்கப் பலகையிலும் 14416ஐ எழுதி, 'தமிழில் பேசலாம்' என்று கீழே சேர்க்கலாம்.