ஊருக்கு அளவெடுத்துத் தைத்த நாடகம்

ஜேம்ஸ் பாண்ட் படங்களில் ‘எம்’ என்ற உளவுத் துறைத் தலைவியாக வந்து பாண்டையே அதட்டும் ஜூடி டென்ச்சை நமக்குத் தெரியும். அவர் ஏறிய முதல் மேடைகளில் ஒன்று, வட இங்கிலாந்தில் அவர் பிறந்த யார்க் நகரின் இடிந்த மடாலயம் ஒன்றின் சுவர்களுக்கு நடுவே இருந்தது. ஆண்டு 1951. பள்ளி மாணவியான அவருக்குத் தேவதூதர் வேடம். ஊரில் மருத்துவராக இருந்த அப்பா, அன்னா என்ற பிரதான ஆசாரியராக நடித்தார். அம்மா உடை தைக்கும் வேலையில் இருந்தார். ஒரே நாடகத்தில் ஒரு குடும்பமே இருந்தது. அதைப் போல ஊரில் இன்னும் பல குடும்பங்கள்.

அவர்கள் நடித்தது, இடைக்காலத்தில் யார்க் நகரத்தார் ஆண்டுதோறும் நடத்திவந்த பைபிள் நாடகத் தொடர். படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தொழிற்குழுவினரும் ஒரு துண்டை ஏற்றுக்கொள்வார்கள். நோவா பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டும் தச்சர்களுக்கு. செஸ்டர் நகரிலும் இதே வழக்கம். அங்கே பிரளயக் காட்சி, டீ ஆற்றிலிருந்து தண்ணீர் இறைத்து விற்பவர்களின் பொறுப்பு. மதச் சீர்திருத்தக் காலத்தின் நெருக்குதலில் யார்க் நாடகங்கள் 1569-உடன் நின்றுபோயின. 1951-இல் நாடு முழுவதும் நடந்த ‘பிரிட்டன் விழா’வை ஒட்டித்தான் அவை மீண்டும் முழுவீச்சில் மேடை கண்டன.

பள்ளியும் ஊரும் சேர்ந்து நடிக்கும் சமூகக் கலைத் திட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. பிரிட்டனில் அவற்றுக்கு ஒரு தெளிவான வரலாறும், எழுதிவைக்கப்பட்ட செய்முறையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால், இத்திட்டங்கள் எப்போது உயிரோடு இருக்கின்றன, எப்போது வெறும் சடங்காகின்றன என்பது புரியும்.

கோப்பைகளில் பெய்த மழை

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவார்கள், பெற்றோர் பார்ப்பார்கள். தொழில்முறைக் குழு ஊருக்கு வந்தால் அவர்கள் நடிப்பார்கள், ஊர் பார்க்கும். இரண்டிலும் பார்ப்பவரும் ஆடுபவரும் வேறு வேறு. இந்தப் பிரிவினைக் கோட்டை அழிப்பது எப்படி என்பதற்கு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ஒரு விடை கொடுத்தார்.

செஸ்டர் தண்ணீர்க்காரர்களின் பழைய நாடகத்தை எடுத்து ‘நோயிஸ் ஃப்ளட்’ என்ற ஒரு மணிநேர இசை நாடகமாக்கினார் அவர். 1958 ஜூன் 18 அன்று, கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தின் ஆர்ஃபர்ட் கிராமத் தேவாலயத்தில் அது அரங்கேறியது. நோவா, அவர் மனைவி, கடவுளின் குரல் ஆகிய மூன்று மட்டும் தேர்ந்த கலைஞர்களுக்கு. மற்றவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகள். விலங்குகளாக வேடமிட்ட சிறுவர் சிறுமியர் தேவாலயத்தின் நடுவழியே பாடியபடி பேழைக்கு ஊர்வலம் போனார்கள்.

இசையைப் பிரித்துக் கொடுத்த விதத்தில்தான் பெஞ்சமின் பிரிட்டனின் கைத்திறன் தெரிகிறது. வயலின் பகுதியை அவர் மூன்று தரமாக எழுதினார். ஓரளவு தேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் பகுதி. இடைநிலையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது. நேற்றுத்தான் வில்லைப் பிடித்த பிள்ளைக்கு மூன்றாவது. இந்த மூன்றாவது பகுதியில் பெரும்பாலும் விரல் வைக்கவே வேண்டாம், திறந்த தந்திகளை மீட்டினால் போதும். பிரளயத்தின் முதல் மழைத்துளிகளுக்கு எந்த வாத்தியமும் அவருக்கு ஒத்துவரவில்லை. உதவியாளர் இமோஜென் ஹோல்ஸ்ட் அவரைத் தன் சமையலறைக்கு அழைத்துப்போனார். கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட பீங்கான் கோப்பைகளை மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். அந்தச் சத்தமே மழையாயிற்று. புயல் உச்சத்துக்குப் போகும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் சபையாரும் தங்களுக்கு மனப்பாடமான கீர்த்தனையைச் சேர்ந்து பாட வேண்டும் என்பது நாடகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தெரியாத பிள்ளையை இரக்கப்பட்டு ஓர் ஓரத்தில் நிறுத்துவது ஒன்று. அந்தப் பிள்ளையின் திறந்த தந்தி ஒலிக்காவிட்டால் இசை குறைபடும்படி எழுதுவது வேறொன்று. பிரிட்டன் செய்தது இரண்டாவது. சமூகக் கலைத் திட்டம் எதையும் எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம்.

ஒரு பள்ளியில் தொடங்கியது

இதே எண்ணத்தை நாடகத்துக்குக் கொண்டுவந்து, அதற்கொரு முறைமை வகுத்தவர் ஆன் ஜெலிக்கோ (1927–2017). லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் பெயர் பெற்றவர். இவர் எழுதிய ‘தி நாக்’ நாடகம் திரைப்படமாகி 1965-இல் கான் விழாவின் உயரிய விருதை வென்றது. 1970-களின் நடுவில் லண்டனை விட்டுத் தென்கடற்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூருக்குக் குடிபோனார். அங்குள்ள பள்ளிக்கு ஒரு நாடகம் எழுதலாம் என்று தொடங்கிய யோசனை, ஊரையே உள்ளே இழுத்துக்கொண்டது.

கதைக்கு அவர் வெளியே தேடவில்லை. மன்னர் இரண்டாம் ஜேம்ஸை வீழ்த்தி அரியணை ஏற நினைத்த மன்மத் கோமகன், 1685 ஜூன் 11 அன்று இதே லைம் ரீஜிஸ் கடற்கரையில்தான் வந்திறங்கினார். அக்கம்பக்கத்து நெசவாளிகளும் உழவர்களும் அவர் பின்னால் திரண்டனர். ஒரு மாதத்துக்குள் கலகம் முறியடிக்கப்பட்டது. அவர் கால்வைத்த அதே கடற்கரையில் பின்னர் கலகக்காரர்கள் 12 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1978-இல் ‘தி ரெக்கனிங்’ என்ற பெயரில் இது நாடகமானபோது, மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் ஒன்றாக நடித்தார்கள். பார்வையாளர்களுக்கு நாற்காலி கிடையாது. கூட்டத்துக்கு நடுவிலேயே கலகம் வெடிக்கும், படை ஓடும். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனனுக்குப் பயந்து விலகி ஓடியவர்களுக்கு இந்த அனுபவம் புரியும்.

செய்முறை

இதன் பிறகு கோல்வே தியேட்டர் டிரஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கிச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இந்த முறையைக் கொண்டுபோனார் ஜெலிக்கோ. தன் அனுபவத்தை 1987-இல் ஒரு கையேடாகவும் எழுதினார். அதன் சாரம் இதுதான்:

எழுத்தாளர், இயக்குநர், அரங்க வடிவமைப்பாளர் என ஒரு சிறிய குழு மட்டும் தொழில்முறையினர். தயாரிப்புக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள். முதலில் ஊர்க்கூட்டம். பிறகு ஆர்வமுள்ளவர்கள் தேவாலயப் பதிவேடுகளையும் பழைய செய்தித்தாள்களையும் புரட்டித் தகவல் திரட்டுவார்கள். அதிலிருந்து அந்த ஊருக்கென்றே புதிதாக நாடகம் எழுதப்படும். ஏற்கெனவே அச்சான நாடகத்தை எடுத்துப் போடுவதில்லை. நடிக்க வருபவர் யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. பெண்களே அதிகம் வருவார்கள் என்பதால் பெண் வேடங்களைக் கூடுதலாக எழுதும்படி எழுத்தாளரிடம் முன்பே சொல்லிவிடுவார்கள். மேடைக்கு வரத் தயங்குபவருக்குத் தையல், தச்சு, விளக்கு, டிக்கெட், தேநீர் என்று நூறு வேலை இருக்கும்.

நூறு பேருக்கு மேல் உள்ள குழுவில் எல்லாரையும் தினமும் ஒத்திகைக்கு அழைக்க முடியாது. எனவே காட்சிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே பயிற்சி கொடுத்து, கடைசி வாரங்களில் இணைப்பார்கள்.

இதில் பள்ளி ஏன் முக்கியம்? பெரிய கூடம், இசை ஆசிரியர், தையல் இயந்திரம், தச்சுப்பட்டறை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது வசதி. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பண்ணை முதலாளி வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் நாள்தோறும் வந்துபோகும் கட்டடம் அந்த ஊரில் அது ஒன்றுதான். பிள்ளை வழியாகச் செய்தி எல்லா வீட்டுக்கும் போகும். பிள்ளையை அழைத்துப்போக வந்த தாத்தா கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்துவிடலாம்.

யாருடைய நாடகம்?

ஜெலிக்கோவின் முறையில் குறை கண்டவர்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் எழுத்தாளரும் இயக்குநரும்தானே முடிவெடுக்கிறார்கள் என்பது ஒன்று. ஊர் பிளவுபடக் கூடாதென்று கட்சி அரசியலை அவர் தவிர்த்தார். ஒற்றுமையைக் காப்பாற்றும் ஆசையில் இன்றைய சண்டையை விட்டுவிட்டு, நூறு, இருநூறு ஆண்டுக்கு முந்தைய சண்டையை மட்டும் பேசலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்விக்கு டார்செஸ்டர் நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே 1985-இல், ஜெலிக்கோவின் முறையில், நாடகாசிரியர் டேவிட் எட்கர் எழுதி, ஒரு தேவாலயத்துக்குள் நடந்த ‘என்டர்டெயினிங் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ நாடகத்தில் ஏறக்குறைய 180 பேர் நடித்தார்கள். மதுபான ஆலையை வளர்த்தெடுத்த சாரா எல்ட்ரிட்ஜ், மதுவை வெறுத்த பாதிரியார் ஹென்றி மௌல் இருவருக்குமான மோதலே கதை. 1854-இல் லண்டன் மில்பேங்க் சிறைக் கைதிகளை டார்செஸ்டருக்கு மாற்றினார்கள். அவர்களுடைய துணியை வெளுத்துக் கொடுத்தது பக்கத்து ஃபோர்டிங்டன் சேரிப் பெண்கள். துணியோடு காலராவும் வந்தது. கோட்டை கட்டி ஆண்டவர்கள் பற்றிய பெருமைக் கதையைச் சொல்லாமல், யார் அழுக்கை யார் துவைத்தார்கள், யார் செத்தார்கள் என்று ஓர் ஊர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டது. பழைய சண்டையிலும் இன்றைய ஊர் தெரியத்தான் செய்கிறது.

முதல் கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் கிடைக்கவில்லை. இதே நாடகம் 1987-இல் லண்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனது. பீட்டர் ஹால் இயக்கினார். தொழில்முறை நடிகர்கள் நடித்தார்கள். அங்கே சாரா எல்ட்ரிட்ஜாக வந்தவர் ஜூடி டென்ச். யார்க் மடாலயத்தில் அப்பாவோடு மேடையேறிய அதே பள்ளி மாணவி, ஓர் ஊரின் நாடகத்தில் ஊர்க்காரர்கள் ஏற்றிருந்த வேடத்தை ஏற்றார். கதை அங்கும் சிறப்பாகவே நடந்திருக்கும். ஆனால் 180 பேருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தேர்ந்த சிலருக்காகப் பிடித்துத் தைத்தது அது. லண்டனில் பார்த்தவருக்கு அது ஒரு நல்ல நாடகம். டார்செஸ்டரில் பார்த்தவருக்கோ, காலராவில் விழும் பெண் காலையில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்த முகம்.

எட்கருக்கும் அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். லண்டனில் இடம் கிடைத்த பின்னும் அவர் டார்செஸ்டரை விட்டுவிடவில்லை. 2007-இல் ஸ்டெஃபனி டேலுடன் சேர்ந்து அதே ஊருக்காக, அதே ஊர்க்காரர்கள் நடிப்பதற்காக, ‘எ டைம் டு கீப்’ என்ற இன்னொரு நாடகத்தை எழுதினார். மறுபடியும் முதலிலிருந்து அளவெடுக்க வேண்டியிருந்தது: இடைப்பட்ட 22 ஆண்டுகளில் ஊரின் பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள்.