நாய்க்கும் இசப்கோல்: எப்போது உதவும், எதை மறைக்கும்?

சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாத விஷயம் ஒன்று நாய் வளர்க்கும் வீடுகளில் தினமும் பேசப்படுகிறது. "இன்னைக்குப் போச்சா? எப்படிப் போச்சு?" காலை நடையை முடித்து நாயோடு வீட்டுக்குள் நுழைபவரிடம் அம்மா கேட்கும் முதல் கேள்வி அதுதான். செல்லப்பிராணிகளைப் பற்றி வானொலியில் பேசும் நாள்களில் எனக்கு வரும் குரல்பதிவுகளும் இதையேதான் சுற்றி வரும். மூன்று நாளாகத் தளர்வாகப் போகிறது. முக்கி முக்கி நிற்கிறது. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. அதற்கடுத்து வரும் வரி: "ஃபைபர் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். பல நாய்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் எந்த நார், எந்தக் கோளாறுக்கு, எவ்வளவு தண்ணீரோடு என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் நோயை அது சில வாரங்கள் மூடி மறைத்துவிடும். அந்தச் சில வாரங்கள்தான் சில நாய்களுக்கு முக்கியமானவை.

"நாய் இறைச்சி தின்கிற பிராணி, அதற்கு எதற்கு நார்?" என்று கேட்பவர்கள் உண்டு. மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகள் சோற்றையும் ரொட்டியையும் பகிர்ந்து தின்ற பிராணி அது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாய்களைவிட நாய்களிடம் பல மடங்கு அதிகம் என்று 2013இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நாரின் கதை வேறு. அதை நாயின் வயிறும் செரிக்காது, நம் வயிறும் செரிக்காது. அது அப்படியே பெருங்குடல் வரை போகிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள் சில வகை நார்களைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு அதுதான் சாப்பாடு.

பொதுவாக நாரை இரண்டாகப் பிரிப்பார்கள். தண்ணீரில் கரைவது, கரையாதது. கோதுமைத் தவிடு கரையாத வகை. மலத்துக்குப் பருமனைத் தரும். இசப்கோல் கரையும் வகையில் சேரும், ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு. பண்டோங் பானத்தில் மிதக்கும் சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பட்டதும் ஊதி, வழவழவென்று ஒரு கூழ்ப்படலத்தைப் போர்த்திக்கொள்ளும். இசப்கோல் உமியும் அப்படித்தான். நுண்ணுயிரிகளாலும் அதை எளிதில் உடைக்க முடியாது. அந்தக் கூழ் கடைசி வரை கூழாகவே போய்ச் சேரும்.

ஒரே பொருள் மலச்சிக்கலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எப்படி உதவும் என்ற குழப்பத்துக்கு விடை இதில்தான் இருக்கிறது. இறுகிப் போன மலத்துக்குள் அந்தக் கூழ் ஈரத்தைப் பிடித்து வைத்து இளக்குகிறது. நீராகப் போகும்போது அதே கூழ் கூடுதல் நீரை உறிஞ்சிக் கட்டியாக்குகிறது. அமெரிக்காவில், காரணம் தெரியாத நாள்பட்ட பெருங்குடல் வயிற்றுப்போக்கு இருந்த 37 நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. எளிதில் செரிக்கும் உணவோடு இசப்கோல் வகை நாரையும் சேர்த்துக் கொடுத்ததில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பலன் கிடைத்தது. ஆனால் 'காரணம் தெரியாத' என்ற சொற்களைக் கவனியுங்கள். புழு, தொற்று போன்ற மற்ற காரணங்களைத் தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்றான பிறகு கொடுக்கப்பட்ட சிகிச்சை அது.

நம் வீடுகளில் இசப்கோல் புதிதல்ல. தாத்தா இரவில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் அதே வெள்ளை உமிதான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. விதையின் வடிவத்தைப் பார்த்துப் பாரசீகத்தில் 'குதிரைக் காது' என்று வைத்த பெயராம். நாய்ப் படம் போட்ட அழகான டப்பாவில் 'சைலியம்' என்ற பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதும் அநேகமாக இதே உமிதான். எதுவும் சேர்க்காத, சுவையூட்டாத உமியாக இருந்தால் தாத்தாவின் பாக்கெட்டே போதும்.

பூசணிக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும், இணையம் முழுக்க அதுதானே மருந்து! கெடுதல் இல்லை, நாய்களும் விரும்பித் தின்னும். ஆனால் டின்னில் வரும் பூசணிக் கூழில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நார்தான் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டியில் அரை கிராம்கூடத் தேறாது. வீட்டில் வேகவைக்கும் பூசணியில் இன்னும் குறைவு, ஏனென்றால் அதில் தண்ணீர் அதிகம். ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியில் கிடைக்கும் நாருக்குச் சுமார் மூன்று மேசைக்கரண்டி பூசணிக் கூழ் வேண்டும். 25 கிலோ நாய்க்கு ஒரு கரண்டி பூசணி வைத்துவிட்டு, "ஃபைபர் கொடுத்தும் கேட்கவில்லை" என்றால் அது ஃபைபரின் குற்றமில்லை.

நாய் உணவுப் பையில் 'குரூட் ஃபைபர்' என்று போட்டிருக்கும் சதவீதமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஜெர்மனியில் 1860களில் உருவான சோதனை முறையின் கணக்கு அது. கரையும் நாரைப் பெரும்பாலும் அது எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை. ஆகவே ஒரே சதவீதம் போட்ட இரண்டு பைகள் நாயின் குடலில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளலாம். பொருள் பட்டியலில் பீட் கூழ், இசப்கோல், செல்லுலோஸ் என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

எந்தக் குடலில் கோளாறு?

மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கவும் முடியும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அவசர அவசரமாகப் போகிறது. சளி போல வழவழப்பு இருக்கிறது. கடைசியில் ஒரு சொட்டு சிவப்பு ரத்தம். ஆனால் நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, எடையும் குறையவில்லை. இது பெரும்பாலும் பெருங்குடல் சங்கதி. நார் உதவ வாய்ப்புள்ள இடம் இது. ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறது, நாய் மெலிகிறது, வாந்தி எடுக்கிறது, அல்லது மலம் தார் போலக் கறுத்திருக்கிறது என்றால் கோளாறு மேலே சிறுகுடலிலோ வயிற்றிலோ இருக்கலாம். அங்கே இசப்கோல் கொடுத்துக்கொண்டிருப்பது நாளை வீணாக்கும் வேலை. கறுத்த மலம் என்பது செரித்த ரத்தமாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெருங்குடல் அறிகுறி என்றாலும் உடனே கரண்டியைத் தூக்க வேண்டாம். நம் வெப்பமும் ஈரமும் குடற்புழுக்களுக்குச் சொர்க்கம். சாட்டைப்புழு, ஜியார்டியா இரண்டுமே இதே போன்ற அறிகுறிகளைக் காட்டும். ஒரு மலப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியவை இவை. அதுவும் ஒரே தடவையில் சிக்காமல் போகலாம், இரண்டாம் முறை கேட்டால் மருத்துவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தெரிந்த அங்கிள் ஒருவர் கிள்ளான் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறார். அவர் நாய் மணிக்கு ஒன்பது வயது. நாட்டு நாய், ஆண், கருத்தடை செய்யவில்லை. முக்கி முக்கி நிற்கிறான், வருவதும் கொஞ்சம்தான் என்று பூசணிக்காய் கொடுத்தார்கள். கொஞ்சம் இளகியது. இசப்கோலுக்கு மாறினார்கள், இன்னும் கொஞ்சம் இளகியது. இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் அவர் மகள்தான் கவனித்தாள், மலம் உருண்டையாக இல்லாமல் நாடா போலத் தட்டையாக வந்தது. மருத்துவர் கையுறை போட்டு ஒரு விரலால் சோதித்த சில நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிட்டது. புரோஸ்டேட் சுரப்பி வீங்கி மலக்குடலை நெருக்கிக்கொண்டிருந்தது. கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்களிடம் சகஜமாக வருவது இது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களில் சுரப்பி சுருங்கியது. "சாப்பாடு சரியில்லன்னு நெனச்சு இத்தனை நாளா கடைக்காரன் குடுத்த பூசணிக்காயத் திட்டிக்கிட்டு இருந்தேன், தம்பி" என்றார் அங்கிள்.

மணிக்கு இசப்கோல் கெடுதல் செய்யவில்லை. வலியைக்கூடக் குறைத்திருக்கும். ஆனால் குறைத்ததால்தான் இரண்டு மாதம் யாரும் மருத்துவரிடம் போகவில்லை.

கொடுப்பது எப்படி?

கொஞ்சத்தில் தொடங்குங்கள். சிறிய நாய்க்கு ஒரு நாளைக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி, நடுத்தர நாய்க்கு ஒரு தேக்கரண்டி என்று வைத்து, நான்கைந்து நாள் பார்த்துக் கூட்டலாம். அதற்குமேல் எவ்வளவு என்பதை நாயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும். ஒரேயடியாக ஏற்றினால் வாயு கட்டும், வயிறு உருளும், இரவில் உங்கள் அறையில் தூங்கும் நாய் என்றால் அதன் விளைவை நீங்களும் அனுபவிப்பீர்கள்.

உலர்ந்த உமியை உணவின் மேல் தூவிவிட்டுப் போகாதீர்கள். ஒரு தேக்கரண்டிக்குக் கால் கப் தண்ணீராவது ஊற்றி, ஊறி வந்த பிறகு உணவோடு பிசைந்து வையுங்கள். பக்கத்தில் குடிநீர்க் கிண்ணம் நிறைந்திருக்க வேண்டும். தண்ணீர் போதாமல் உள்ளே போன இசப்கோல் குடலிலேயே இறுகி அடைத்துவிடலாம். உடலில் நீர் வற்றிப் போயிருக்கும் நாய்க்கும், குடல் அடைப்பு என்ற சந்தேகம் இருக்கும் நாய்க்கும் இது வேண்டவே வேண்டாம். நாய்க்கு வேறு மருந்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கூழில் சிக்கி மருந்து சரியாக உடலில் சேராமல் போகலாம். வளரும் குட்டிகளுக்கும் மெலிந்த நாய்களுக்கும் மருத்துவர் சொல்லாமல் நாரைக் கூட்டக்கூடாது. வயிறு நிரம்பும், ஆனால் சத்து உடம்பில் சேராது.

மருந்தகத்தில் ஆரஞ்சுச் சுவையில் கிடைக்கும் மனிதர்களுக்கான தூள்களில் எச்சரிக்கை தேவை. சர்க்கரை இல்லாதது என்று போட்டிருந்தால் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். நமக்கு இனிப்பு, நாய்க்கு விஷம். ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கி, கல்லீரலையும் கெடுக்கும். சென்னா கலந்த பேதி மருந்தையும் வீட்டிலிருக்கும் எனிமாவையும் தொடவே வேண்டாம். பாஸ்பேட் கலந்த எனிமா சிறிய நாய்களின் உயிரையே எடுத்துவிடும்.

பின்பக்கத்தைத் தேய்க்கும் நாய்களுக்கு ஒரு வார்த்தை. ஆசனவாய்க்கு இரு பக்கமும் உள்ள சிறு பைகள், கெட்டியான மலம் அழுத்தும்போது தாமாகக் காலியாகும். மலம் தளர்வாகவே இருந்தால் அவை நிரம்பி உறுத்தும். நார் சிலவற்றுக்கு உதவுகிறது, எல்லாவற்றுக்கும் அல்ல. வீங்கிச் சிவந்திருந்தால் மருத்துவர்தான்.

பாட்டிகள் கோபித்துக்கொள்ளக்கூடாது, ஆனால் மிச்சமான கோழிக்கறியும் சோறும் எலும்போடு போவதுதான் பல நாய்களின் மலச்சிக்கலுக்கு முதல் காரணம். வெந்த எலும்பு உடைந்து சுண்ணாம்புக் கட்டி போல இறுகும், கூர்முனை குடலைக் குத்தவும் செய்யும். குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் தனி ஆபத்து. இதை நிறுத்தாமல் மேலே இசப்கோல் ஊற்றுவதில் பயனில்லை.

குட்டி நாய் வாந்தியெடுத்து, ரத்தமாகப் போய், சோர்ந்து படுத்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அங்கே மணிக்கணக்குதான், நாள் கணக்கு இல்லை. பெரிய நாய் இரண்டு நாளாக முக்கியும் ஒன்றுமே வரவில்லை, அல்லது வாந்தியும் வயிற்று உப்பலும் சேர்ந்திருக்கிறது என்றாலும் அன்றே கிளம்புங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டு போக வேண்டியவை இரண்டு. ஒன்று, கைப்பேசியில் கடந்த சில நாள் மலத்தின் படங்கள். 1 முதல் 7 வரை அளவிடும் அட்டவணை ஒன்றைப் பல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் 2, அதாவது உருவம் கலையாமல், கையில் எடுத்தால் தரையில் ஒட்டாமல் வருவதுதான் நல்லது. மற்றொன்று, அன்று காலையே எடுத்த மாதிரி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில். உடனே போக முடியாவிட்டால் ஐஸ் பெட்டியில் வைக்கலாம், உறைய விடாமல். டப்பாவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டி, இன்னொரு பையில் சுற்றி, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.