மதுவும் மோட்டாரும்

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுவது குற்றமென்று சட்டம் கூறுகிறது. நமது ஜனங்களிற் பலர் அவ்வாறு கருதுவதில்லை. போலீஸாரிடம் அகப்பட்டவனைத் துரதிருஷ்டசாலி என்கிறார்கள். அகப்படாமல் வீடு சேர்ந்தவனைச் சமர்த்தன் என்கிறார்கள். சட்டத்திற்கும் ஜன அபிப்பிராயத்திற்கும் உள்ள இவ்விடைவெளியில்தான் நிரபராதிகளான பாதசாரிகள் மாளுகின்றனர்.

சட்டம் வலுவற்றதன்று. 1939-ம் வருஷத்து மோட்டார் சட்டம், ஓட்டுபவன் வண்டியை அடக்கி நடத்தச் சக்தியற்றிருந்தானென்று ருசுப்படுத்தும்படி ஆதியில் கோரிற்று. கண் சிவந்ததா, நா குழறியதா, நடை தள்ளாடியதா என்ற குறுக்கு விசாரணையில் எதிரி தப்ப இடமிருந்தது. 1988-ம் வருஷத்துச் சட்டத்தின் 185-வது பிரிவு, 1994-ல் திருத்தப்பட்டபடி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சத்து இருப்பதாக மூச்சுப் பரிசோதனையிற் கண்டாலே குற்றமென்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தம் முதற் குற்றத்திற்குரிய அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்திற்று. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

ஆனால் சட்டத்தை நடத்துவோரின் மனம் எப்படி? நமது தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கொன்றில், 2016 டிசம்பர் 15-ந் தேதி, நெடுஞ்சாலைகளுக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உடனே சில மாகாண சர்க்கார்கள், ஊர்களினூடே செல்லும் நெடுஞ்சாலைகளை உள்ளூர்ச் சாலைகளென்று பெயர் மாற்றின. கடை நகரவில்லை, சாலையின் பெயரே நகர்ந்தது! 2017 ஜூலையில் நகர எல்லைக்குள் தடையும் தளர்ந்தது. இங்கோ 2003 முதல் சில்லறை மது விற்பனை சர்க்காரின் கையிலேயே உள்ளது. ஒரு கையால் விற்று, மறு கையால் அபராதம் வாங்கும் ஆட்சி, பிரஜைகளுக்கு எந்தத் தர்மத்தைப் போதிக்க முடியும்?

இங்கிலாந்தைப் பாருங்கள். 1967-ல் மந்திரி பார்பரா காஸில் அம்மையார் மூச்சுப் பரிசோதனையைக் கொணர்ந்தபோது, சுதந்திரம் பறிபோயிற்றென்று கூக்குரலிட்டனர். அவருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. பல்லாண்டுப் பிரசாரத்தினால் அச்செய்கை அங்கே வெட்கக்கேடாயிற்று. 1979-ல் ஏறத்தாழ 1,600 பேரை மாய்த்த இவ்வழக்கம், 2010-க்குப் பிந்திய பத்தாண்டில் வருஷத்திற்கு 300 பேருக்கும் குறைவானவரையே பலிகொண்டது. வண்டிகளும் சாலைகளும் சீர்ப்பட்டதும் ஒரு காரணமே. எனினும் மனமாற்றமின்றி இது கைகூடியிராது.

சர்க்காரை மட்டும் குறைகூறி ஓய்வதற்கில்லை. விருந்து முடிந்து தள்ளாடியபடி வண்டியேறிய சிநேகிதர்களை, மரியாதையை உத்தேசித்து, நாமும் வாளாவிருந்து வழியனுப்பியிருக்கிறோம். அது மரியாதையன்று, பாதகத்திற்கு உடந்தை. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வண்டி அமர்த்தி அனுப்புவதே சிநேக தர்மம். அன்றிரவு அவர் கோபிக்கலாம். மறுநாட் காலையில் கோபிக்க அவர் உயிரோடிருப்பார். வீதியில் நடந்து சென்ற ஏழையும் தன் வீடு சேர்ந்திருப்பான்.