முட்டுநிலை (தரவுத்தளம்)

முட்டுநிலை அல்லது டெட்லாக் என்பது, உறவுசார் தரவுத்தளத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் ஒன்றின் கையிலுள்ள பூட்டுக்காக மற்றொன்று காத்திருந்து, எதுவும் மேலே நகர முடியாமல் நிற்கும் நிலையாகும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இது தானாகத் தீராது. ஏதேனும் ஒரு பரிவர்த்தனை பின்வாங்கியாக வேண்டும். பெரும்பாலும் இது சர்வரின் பழுது அன்று. தனித்தனியே சரியாக உள்ள இரு நிரல்கள் பூட்டுகளை எதிரெதிர் வரிசையில் கேட்பதால் உண்டாவது.

எடுத்துக்காட்டு

விருதுநகர்–சிவகாசி சாலையில் உள்ள ஆமத்தூர்ப் பகுதியில் ஒரு பட்டாசு நிறுவனம் இரண்டு கிடங்குகள் வைத்திருப்பதாகக் கொள்வோம். முதல் கிடங்கில் 300 பெட்டிகள், இரண்டாம் கிடங்கில் 200 பெட்டிகள், மொத்தம் 500. இருப்பு அட்டவணையில் ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு நிரை உண்டு.

தீபாவளி நெருக்கத்தில் இரு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறார்கள். முதலாமவர் 40 பெட்டிகளை ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுகிறார். மற்றவர் 25 பெட்டிகளை இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாற்றுகிறார். இருவரின் நிரலும் முதலில் அனுப்பும் கிடங்கில் கழித்து, பிறகு பெறும் கிடங்கில் கூட்டுகிறது.

1. முதலாமவர் ஒன்றாம் நிரையில் 40 கழிக்கிறார். அந்த நிரை பூட்டப்படுகிறது.
2. இரண்டாமவர் இரண்டாம் நிரையில் 25 கழிக்கிறார், அதுவும் பூட்டப்படுகிறது.
3. முதலாமவருக்கு இரண்டாம் நிரை வேண்டும், காத்திருக்கிறார்.
4. இரண்டாமவருக்கு ஒன்றாம் நிரை வேண்டும், அவரும் காத்திருக்கிறார்.

ஒற்றை ரயில் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து நின்றது போன்ற நிலை இது.

தோன்றுவதற்கான நிபந்தனைகள்

1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர் முட்டுநிலைக்கு நான்கு நிபந்தனைகளைத் தொகுத்துக் கூறினர். பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்த முடிதல். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருத்தல். கையிலுள்ளதை வலிந்து பறிக்க முடியாமை. காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வருதல். நான்கும் சேர்ந்தால்தான் முட்டுநிலை உண்டாகும். ஒன்றை நீக்கினாலும் போதும். நடைமுறையில் எளிதாக நீக்கக்கூடியது நான்காவது நிபந்தனையே.

சர்வர் என்ன செய்கிறது

மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி, இயல்பு அமைப்பில் வட்டத்தை உடனே கண்டறிந்து, குறைவான நிரைகளை மாற்றிய பரிவர்த்தனையைப் பலியாகத் தேர்ந்து முழுவதுமாகப் பின்வாங்கச் செய்கிறது. அப்போது வரும் பிழை எண் 1213. போஸ்ட்கிரெஸ்கியூஎல், இயல்பு அமைப்பில் ஒரு பூட்டுக்காக 1 வினாடி காத்த பிறகே வட்டம் உள்ளதா எனச் சோதிக்கிறது. பிழைக் குறியீடு 40பி01. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் பிழை எண் 1205. இதே 1205 மைஎஸ்கியூஎல்லில் வேறொன்றைக் குறிக்கும்: பூட்டுக்கான காத்திருப்பு நேரம் கடந்துவிட்டது என்பதே அதன் பொருள். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

இத்துறையில் சென்னை ஐஐடியில் 1977இல் பட்டம் பெற்ற சி. மோகனின் பங்கு குறிப்பிடத்தக்கது. ஐபிஎம் ஆய்வகத்தில் அவரும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கி 1992இல் விரிவாக வெளியிட்ட ஏரிஸ் என்னும் மீட்பு முறையில், பின்வாங்கும் பரிவர்த்தனை புதிய பூட்டுகளைக் கேட்பதில்லை. ஆகவே பின்வாங்கும்போதே மறுபடி முட்டுநிலையில் சிக்கும் ஆபத்து இல்லை.

காரணம் கண்டறிதல்

பிழை வந்தவுடன் சர்வரை மறுதொடக்கம் செய்தால் தடயம் அழியலாம். காரணம் அப்படியே இருக்கும். முதலில் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இன்னோடிபியில் 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை கடைசியாக நேர்ந்த முட்டுநிலையை மட்டும் காட்டும். எல்லாவற்றையும் பதிய, 'இன்னோடிபி பிரிண்ட் ஆல் டெட்லாக்ஸ்' என்ற அமைப்பை இயக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் பதிவேட்டில் சிக்கிய செயல்முறைகளும் அவற்றின் கட்டளைகளும் இருக்கும்.

அந்தப் பதிவிலிருந்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்தப் பரிவர்த்தனைகள் சிக்கின? ஒவ்வொன்றும் எந்தப் பூட்டை வைத்திருந்தது? எதற்காகக் காத்திருந்தது? விடைகளைத் தாளில் அம்புக்குறிகளாக வரைந்தால் வட்டம் தெரியும். பதிவில் பெரும்பாலும் கடைசிக் கட்டளையே இருக்கும் என்பதால், அதற்கு முன் அதே பரிவர்த்தனை தொட்ட நிரைகளை நிரலில் தேட வேண்டும்.

தடுக்கும் வழிகள்

முதல் வழி, எல்லா நிரல்களும் ஒரே வரிசையில் பூட்டுதல். மேற்கண்ட எடுத்துக்காட்டில், சரக்கு எங்கிருந்து எங்கு சென்றாலும் சிறிய எண்ணுள்ள கிடங்கின் நிரையையே முதலில் தொட வேண்டும் என விதித்தால் போதும். இரண்டாமவர் ஒன்றாம் நிரைக்காகச் சற்றுக் காத்திருப்பார், வட்டம் உண்டாகாது.

பரிவர்த்தனையைச் சுருக்கமாக வைப்பதும் அவசியம். பூட்டைப் பிடித்துக்கொண்டு பயனரின் விடைக்காகத் திரையில் காத்திருக்கக் கூடாது. தேடலுக்கு ஏற்ற இண்டெக்ஸ் இல்லையென்றால் இன்னோடிபி தான் கடந்து செல்லும் பல நிரைகளையும் பூட்டக்கூடும். இண்டெக்ஸ் சேர்த்தாலே சில முட்டுநிலைகள் மறையும்.

மறுமுயற்சியில் கவனம்

எவ்வளவு முயன்றாலும் முட்டுநிலையை முற்றிலும் ஒழிப்பது அரிது. ஆகவே நிரல் சில முறை, சிறிது இடைவெளி விட்டு மீண்டும் முயல வேண்டும். முயலும்போது பரிவர்த்தனையைத் தொடக்கத்திலிருந்தே செய்ய வேண்டும்.

இன்னோடிபியில் இரண்டாமவரின் பரிவர்த்தனை பலியானால் அவர் கழித்த 25உம் ரத்தாகிவிடும். முதலாமவரின் மாற்றம் முடிந்து இருப்பு 260, 240 என நிற்கும். இப்போது நிரல் கடைசிக் கட்டளையை மட்டும் திரும்ப இயக்கினால் ஒன்றாம் கிடங்கு 285 ஆகும், மொத்தம் 525. இல்லாத 25 பெட்டிகள் கணக்கில் ஏறிவிட்டன.

ஆரக்கிளில் நிலைமை வேறு. அங்கு ஓஆர்ஏ-00060 பிழை வரும்போது ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும். பரிவர்த்தனை திறந்தே இருக்கும். அதை அப்படியே உறுதி செய்தால் கழித்தது நிற்கும், கூட்டியது நடந்திராது. இருப்பு 260, 215, மொத்தம் 475. எனவே அங்கு முழுப் பரிவர்த்தனையையும் நிரலே பின்வாங்கச் செய்துவிட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கோடு முடிவதில்லை. பட்டாசுக் கிடங்கில் எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பதை, வெடிபொருள் விதிகள் 2008இன் கீழ் வழங்கப்படும் உரிமம் வரையறுக்கிறது. கணக்கில் 260 எனக் காட்டும் கிடங்கில் உண்மையில் 285 பெட்டிகள் இருந்தால், இடம் இருக்கிறதென்று நம்பி மேலும் அடுக்கும்போது உரிம அளவு மீறப்படலாம். முட்டுநிலை அறிவிக்கப்படும் பிழை. அதைத் தவறாகக் கையாள்வதால் வரும் கணக்குப் பிழையை எந்தச் சர்வரும் அறிவிக்காது. சரியான இருப்பு 285, 215, மொத்தம் 500. திருத்திய நிரலை இரு பதிவுகளையும் ஒரே நேரத்தில் பலமுறை இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் இதே எண்கள் வருகின்றனவா எனச் சரிபார்ப்பது நல்லது.