மயிலாப்பூரில் டிராகன் வசிக்கிறது, தெரியுமா?

டிராகனுக்கு எத்தனை கால்? இரண்டா, நாலா? இதற்காக ஓர் எழுத்தாளர் சண்டைக்கே நின்றார் என்றால் நம்புவீர்களா? நின்றார்! ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புகழ் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்தான் அவர். பறவையானாலும் வௌவாலானாலும் முன்னங்கால்தானே சிறகாகியிருக்கிறது? நாலு காலோடு தனியாக இரண்டு சிறகும் வைத்துக்கொண்டு எந்த மிருகமும் பிறப்பதில்லை, ஆகவே என் டிராகனுக்கு ரெண்டே கால் என்பது அவர் கட்சி. ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரின் கொடியில் நாலு கால் டிராகன் பறந்ததற்கு 2024-ல் மனிதர் பகிரங்கமாகவே பொரிந்து தள்ளிவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. கதையில் டிராகன் வேண்டுமா என்பதிலேயே முதலில் அவருக்குத் தயக்கம்! தோழியும் எழுத்தாளருமான ஃபிலிஸ் ஐசன்ஸ்டைன் வற்புறுத்தித்தான் சேர்த்தார். அந்த நாவல் வரிசையில் 2000-ல் வெளிவந்த மூன்றாம் பாகத்தை அவருக்கே சமர்ப்பணம் செய்தார்.

ஆனால் மார்ட்டின் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அங்கே ‘டிராகோ’ என்றே அறிவியல் பெயர் கொண்ட பறக்கும் ஓணான் இருக்கிறது. நாலு காலும் பத்திரமாக இருக்க, நீண்ட விலா எலும்புகளைக் குடை மாதிரி விரித்து மரம் விட்டு மரம் மிதந்து போகும்! நெருப்பெல்லாம் கக்காது. எறும்புதான் சாப்பாடு.

சரி, மயிலாப்பூருக்குப் போகும் முன் நம் யாளியைப் பார்ப்போம். சிறகா, நெருப்பா, இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நம் சிற்பிகள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள், தெரியுமா? அவர்கள் படைத்த யாளிக்குச் சிங்க உடம்பு, பிதுங்கிய கண், கோரைப்பல், சிலவற்றுக்குத் துதிக்கையும் உண்டு. அதன் பலத்தை எப்படிக் காட்டுவது? யானையைக் காலடியில் போட்டுவிட்டால் போயிற்று! சங்கப் பாடல்களிலேயே ‘ஆளி’ என்ற பெயரில் அது யானையை வேட்டையாடுகிறது. நாயக்கர் காலத்துத் தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் யாளியின் வாயைப் பாருங்கள். சிலவற்றில் ஒரு கல் உருண்டை கிடக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே மட்டும் வராது! பல் இடுக்கு வழியாக உளியை விட்டு, உள்ளேயே செதுக்கிய உருண்டை அது. கணினியில் டிராகன் செய்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மேல்நாட்டு டிராகன் தங்கக் குவியலின்மேல் படுத்துத் தூங்கும். நம்முடையதற்கு ஓயாத வேலை. மண்டபத்தைத் தாங்கும், வாசலைக் காக்கும், காஞ்சி வரதரைத் தூக்கிக்கொண்டு வீதியுலாவும் வரும். தி.நகர் உஸ்மான் ரோட்டில் டெம்பிள் ஜுவல்லரி கேளுங்கள், இரண்டு யாளி முகங்கள் எதிரும் புதிருமாக முறைக்கும் காப்பை எடுத்து வைப்பார்கள். அடையாறிலிருந்து ஈ.சி.ஆரில் போனால் சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த மேடையைச் சுற்றி யாளித் தலைகள். பெயரென்னவோ புலிக்குகை!

சங்கீத சீசனில் சபாவில் வீணைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். தண்டியின் நுனியில் வளைந்து, பொன் வண்ணம் பூசி, வாய் பிளந்து நிற்பது யார் என்று நினைத்தீர்கள்? யாளியேதான்! உலகத்தில் வேறு எந்த டிராகனாவது தோடி கேட்டிருக்குமா?

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த முடிவு வேறொன்று. மேல்நாட்டுக் கதைகளில் வீரன் டிராகனைக் கொன்றால் கதை முடிந்தது. இங்கே முருகன் அசுரன் சூரபத்மனைப் பிளந்து மயிலும் சேவலுமாக்கி, மயில்மேல் ஏறிக்கொண்டுவிட்டான்! மயிலாப்பூர்க் கபாலி கோயில் பங்குனிப் பெருவிழாவில் பூதம், பூதகி வாகனங்களோடு தாரகாசுரனும் வாகனமாக வருகிறான். மனித முகமும் மிருக உடம்புமாகப் புருஷாமிருகம் வேறு. வில்லனுக்கே வேலை போட்டுக்கொடுக்கும் துணிச்சல் எந்த ஃபேன்டஸி எழுத்தாளருக்கு வந்திருக்கிறது? என் ஓட்டு மயிலாப்பூருக்குத்தான்.

நேரில் பார்க்க ஆசையா? காளை முகமும் மனித உடலும் கொண்ட வெள்ளி அதிகார நந்தி, பெருவிழாவின் மூன்றாம் நாள் காலையில் புறப்படும். விடிவதற்கு முன்பே கிழக்கு கோபுர வாசலில் இடம் பிடித்துவிடுங்கள். அப்புறம் போனால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும்.