குறவஞ்சியும் கலாக்ஷேத்திரமும்

அடையாற்றில் 1936-இல் உருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்திரம், அந்நாளைய சென்னைப் புறநகரில் சிறு தனியார் கலைப்பள்ளியாக வளர்ந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாயிற்று. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. தமிழாய்வார் கருதற்குரியது வேறொன்று. 1944-இல் அப்பள்ளி அரங்கேற்றிய நாட்டிய நாடகம் திருக்குற்றாலக் குறவஞ்சி. விருத்தமும் கண்ணியும் கீர்த்தனையும் விரவிய அந்நூலை ஏட்டில் மட்டும் பயில்வோர், பல்லவி மீள்வதைக் கூறியது கூறல் என்று கொள்வர். ஆடுமிடத்தோ, அது மீளுந்தோறும் ஒரு புதிய மெய்ப்பாடு புலப்படுகின்றது. வசந்தவல்லி பந்தாடும் பகுதியில் பந்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் தாளமே காட்டுகின்றது. எனவே, சிற்றிலக்கியப் பதிப்புகளில் இராக தாளக் குறிப்புகளை நீக்குதல் தகாது. உரையினும் அவை இன்றியமையாதன என்போம். முன்னர்க் குறவஞ்சிகளைக் கோயில்களில் ஆடிக் காத்த தேவரடியார் பெயர்கள் நம் இலக்கிய வரலாறுகளில் அருகியே காணப்படுகின்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.